இனிப்பும் காரமும் ஒரே தட்டில்: திருமழிசைச் சாலையில் கண்டது

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே சில கிலோமீட்டர் சென்றால் திருமழிசை வருகிறது. பூவிருந்தவல்லியை மக்கள் பூந்தமல்லி என்றே அழைக்கின்றனர். அங்குள்ள ஹாபிஸ் அஹமது கான் பள்ளிவாசல் 1653-ஆம் ஆண்டு, இப்பகுதி கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சியில் இருந்தபோது கட்டப்பட்டது. திருமழிசையோ அதனினும் மிகத் தொன்மையான ஊர். வைணவர் போற்றும் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவரான திருமழிசை ஆழ்வார் பிறந்த ஊர் என்பதால் அப்பெயர் தமிழ் இலக்கியம் பயின்றோர் அனைவர்க்கும் அறிமுகமானது. சகந்நாதப் பெருமாள் கோயிலும் ஒத்தாண்டேசுவரர் கோயிலும் ஊருக்குள் இருக்க, நெடுஞ்சாலையை ஒட்டிச் சிட்கோ தொழிற்பேட்டை அமைந்துள்ளது. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி. கோயில் மணியும் தொழிற்கூடச் சங்கும் ஒருசேரக் கேட்கும் ஊர் இது.

2020-ஆம் ஆண்டில் இவ்வூரின் பெயர் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. கொரோனா நோய் பரவியதால் கோயம்பேடு அங்காடி மூடப்பட்டு, அவ்வாண்டு மே மாதத்தில் காய்கறி மொத்த விற்பனை திருமழிசைத் திடலுக்கு மாற்றப்பட்டது. பழங்களும் பூக்களும் மாதவரத்திற்குச் சென்றன. ஒரே வளாகத்தில் விற்கப்பட்ட மிளகாயும் மாம்பழமும் நகரின் இரு வேறு கோடிகளுக்குப் பிரிந்து போயின. மழை பெய்த நாள்களில் திருமழிசைத் திடல் சேறாகி, மூட்டை மூட்டையாகக் காய்கறிகள் வீணாயின. செப்டம்பர் இறுதியில் காய்கறி அங்காடி மீண்டும் கோயம்பேட்டுக்கே திரும்பியது.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவரின் நிகாஹ்வுக்காக இவ்வூருக்குச் சென்றிருந்தேன். மஃரிப் தொழுகைக்குப் பின் சாலையோரம் நடந்தபோது, பிரிந்துபோன அந்த இனிப்பும் காரமும் ஒரு தள்ளுவண்டியில் மீண்டும் சேர்ந்திருக்கக் கண்டேன்.

வண்டியில் கண்ட விந்தைகள்

வண்டியின் முன்னே தொங்கிய பலகையைப் படித்தபோது வியப்பே ஏற்பட்டது. சாக்லேட் தோசை, பிஸ்கட் பஜ்ஜி, பச்சை மிளகாய் ஐஸ்கிரீம், சாக்லேட் சமோசா என்று நீண்டது பட்டியல். தொழிற்பேட்டையில் பணி முடிந்து வரும் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் சுற்றி நின்றனர்.

வண்டிக்காரத் தம்பி நம்மவர். என் தாடியையும் தொப்பியையும் கண்டு, "வாங்க ஹஜ்ரத்" என்று ஸலாம் கூறி, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். கிரீம் வைத்த பிஸ்கட்டைக் கடலை மாவில் தோய்த்து எண்ணெயில் இட்டு எடுத்து, இலைத் துண்டில் வைத்துத் தந்தார். மேலே உப்பும் மிளகாய்த் தூளும் கலந்த பஜ்ஜித் தோல். உள்ளே இருந்த பிஸ்கட் எண்ணெய்ச் சூட்டில் இளகி, கேக் துண்டு போல் மென்மையாகியிருந்தது. முதலில் காரம், பிறகு இனிப்பு, முடிவில் சற்றே கசப்பு. சாக்லேட் தோசையில் வேறொரு சுவை. புளித்த மாவின் புளிப்பு சாக்லேட்டின் தித்திப்பைத் திகட்டவிடாமல் தடுத்தது. பச்சை மிளகாய் ஐஸ்கிரீமை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன். குளிர்ச்சி இறங்கிய பின்னரே எரிச்சல் ஏறுகிறது.

தம்பி தம் கதையைச் சொன்னார். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிறு தொழிற்கூடம் ஒன்றில் பணியாற்றியவர், 2020-இல் ஊரடங்கின்போது வேலையிழந்தார். சில மாதங்கள் இதே ஊரின் தற்காலிக அங்காடியில் மூட்டை சுமந்தார். அங்காடி போன பின் இந்த வண்டியைத் தொடங்கினார். பஜ்ஜிக் கடைகள் பல உள்ள சாலையில் பதினோராவது பஜ்ஜிக் கடையாக நிற்பதைவிடப் புதிதாக ஏதேனும் செய்தால்தான் பிழைக்கலாம் என்று கருதினாராம். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. ஆனால் வீட்டில் அமைதி இல்லை.

"ஹஜ்ரத், என் அத்தா பண்டாரி. இந்த வண்டியில் வரும் காசில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்கிறார். நீங்கள்தான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

மறுநாள் காலை பள்ளிவாசலில் அப்பெரியவரைச் சந்தித்தேன். அவர் மனம் திறந்து பேசினார்.

"நாற்பது வருஷம் தேக்சா முன்னால் நின்றவன் நான், ஹஜ்ரத். ஒரு தேக்சா அடிப்பிடித்தால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. இவன் தோசையில் சாக்லேட்டை ஊற்றுகிறான். வாங்குகிற பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு வாய் தின்றுவிட்டு, மீதியைத் தொட்டியில் போடுகிறார்கள். அல்லாஹ் கொடுத்த ரிஸ்கை விளையாட்டாக்கிச் சம்பாதித்த காசு எனக்கு எப்படி இறங்கும்?"

இப்பேச்சில் இரண்டு குறைகள் கலந்திருந்தன. ஒன்று, இனிப்பையும் காரத்தையும் கலப்பது. மற்றொன்று, உணவு வீணாவது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று எனக்குத் தோன்றியது.

கலப்பது புதிதா?

"வலீமாவில் உங்கள் பிரியாணிக்குப் பக்கத்தில் என்ன வைப்பீர்கள்?" என்று அவரிடம் கேட்டேன். "கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி, பிரெட் அல்வா" என்றார். "அல்வா கடைசியிலா?" என்றேன். "இல்லை, ஒன்றாகவே வைப்போம்" என்று சொல்லும்போதே அவர் முகத்தில் புன்னகை அரும்பியது.

நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். ஒரே ஆப்பத்தைக் குழந்தைகள் சர்க்கரை கலந்த தேங்காய்ப் பாலிலும் பெரியவர்கள் பாயாவிலும் தோய்த்து உண்கின்றனர். தஞ்சைப் பகுதி முஸ்லிம் திருமணங்களில் நெய்ச்சோற்றுக்கும் பிரியாணிக்கும் துணையாகத் தக்காளி இனிப்புப் பச்சடி வருகிறது. நோன்பு திறக்கையில் பேரீச்சம்பழத்தின் இனிப்பு நாவில் இருக்கும்போதே கஞ்சியும் வடையும் சேர்கின்றன. நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்கள் சித்திரை முதல் நாளில் மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, மிளகாய் அனைத்தையும் ஒரே பச்சடியில் சேர்க்கின்றனர்.

இஸ்லாமிய உலகின் சமையல் வரலாறும் இதையே காட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல் வர்ராக் என்பவரும், 1226-இல் முஹம்மது இப்னுல் ஹஸன் அல் பக்தாதி என்பவரும் அரபியில் சமையல் நூல்கள் எழுதினர். அக்கால பக்தாதில் ஜூதாபா என்றொரு பண்டம் இருந்தது. அடுப்பில் கோழியைத் தொங்கவிட்டு, அதன் கீழே சர்க்கரைப் பாகில் ஊறிய ரொட்டியை வைப்பர். கோழியின் கொழுப்பு சொட்டுச் சொட்டாக அந்த இனிப்பில் இறங்கும். சிக்பாஜ் என்ற இறைச்சிக் குழம்பில் காடியும் தேனும் சேர்ந்தன. துருக்கியில் இன்றும் கோழி நெஞ்சிறைச்சியை நார் நாராகப் பிரித்து, பாலிலும் சர்க்கரையிலும் காய்ச்சி இனிப்பாக உண்கின்றனர். மொராக்கோவின் பஸ்தீலா என்ற புறா இறைச்சிப் பணியாரத்தின் மேல் சர்க்கரையும் பட்டைத் தூளும் தூவுவர். மொகலாயச் சமையலில் முதன்ஜன் என்ற இனிப்பு இறைச்சிச் சோறு புகழ்பெற்றது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? யமனின் ஹள்ரமௌத்திலிருந்து வந்த அரபியர் குடியேறிய ஹைதராபாத் பர்காஸ் பகுதியில், ஹலீம் உப்பாகவும் கிடைக்கிறது, இனிப்பாகவும் கிடைக்கிறது.

மேலைநாட்டில் அன்னாசிப்பழம் இட்ட பீட்சாவும் இத்தகையதே. கிரேக்க நாட்டிலிருந்து கனடாவில் குடியேறிய சாம் பனோபுலோஸ் என்ற உணவகக்காரர் 1962-இல் அதைச் செய்தார். 2017-இல் ஐஸ்லாந்து நாட்டு அதிபர் பள்ளி மாணவரிடையே பேசுகையில், தம்மால் இயன்றால் அதைத் தடைசெய்வேன் என்று வேடிக்கையாகக் கூற, உலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதிட்டது. பழகாத கலவையைக் கண்டு முகம் சுளிப்பது மனித இயல்பு போலும்.

இவ்விஷயத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடைமுறை நமக்கு முன் இருக்கிறது. அவர்கள் பேரீச்சங்கனியோடு வெள்ளரிக்காயைச் சேர்த்து உண்டதைத் தாம் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி தணிக்கும் என்று தர்ப்பூசணியையும் பேரீச்சையையும் சேர்த்து உண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பும் உண்டு. அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை, விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு.

உப்பும் சர்க்கரையும் சேர்வதில் உடலியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. குடலின் சுவர் சர்க்கரையையும் உப்பிலுள்ள சோடியத்தையும் கைகோத்து உள்ளே இழுக்கிறது என்பதை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலார் விளக்கினார். 1971-இல் வங்க தேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே குறைந்தது. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து தருகிறோமே, அதுவும் இனிப்பும் உப்பும் கலந்த உணவுதான்.

எதைக் கண்டு அஞ்ச வேண்டும்?

கலவை குற்றமன்று. ஆயினும் புதுமை என்ற பெயரில் வரும் அனைத்தும் நல்லவை என்று கூறிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி அதில் கண்டறியப்பட்டதே காரணம். அவ்வாண்டு ஏப்ரலில், புகை வரும் பிஸ்கட் பற்றி உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது. அந்தப் புகையை உண்டாக்கும் திரவ நைட்ரஜன் பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரி குளிர்ச்சியுடையது. அது முழுவதும் ஆவியாகுமுன் விழுங்கினால் வாயும் இரைப்பையும் புண்ணாகும். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயும் கேடானதே. கெட்ட எண்ணெயை அளந்தறிய 25 விழுக்காடு என்ற வரம்பு 2018 ஜூலை முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

நமக்கு மற்றொரு கவலையும் உண்டு. பஞ்சு போன்ற மெல்லிய மிட்டாய்களிலும் சில கிரீம்களிலும் ஜெலட்டின் சேர்க்கப்படுகிறது. அது விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. எந்த விலங்கு என்பதை உறை சொல்லாமல் இருக்கலாம். உறையில் பச்சைக் குறி இருந்தால் அத்தகைய ஜெலட்டின் இல்லை என்று கொள்ளலாம். வெளிநாட்டுப் பொட்டலங்களில் இக்குறி இல்லையெனில் பொருள்களின் பட்டியலைப் படித்தே வாங்க வேண்டும். வண்டிக்காரத் தம்பி தாம் வாங்கும் சாக்லேட், பிஸ்கட் உறைகளை வண்டியின் கீழ்த்தட்டில் சேர்த்து வைத்திருந்தார். கேட்பவர்க்கு எடுத்துக் காட்டுகிறார். இது பாராட்டத்தக்க பழக்கம்.

பெரியவரின் இரண்டாவது குறைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன் அதே திருவசனத்தில் (7:31) வீண் விரயத்தைத் தடுத்திருக்கிறான். மகனையும் அழைத்து வைத்து, "தம்பி, கலப்பதில் பிழையில்லை. ஆனால் தொட்டியில் விழுவதற்கு நீங்களும் ஒரு வழி செய்ய வேண்டும்" என்றேன். அவர் சிறிது யோசித்து, முழுத் தோசைக்குப் பதிலாகக் கையளவுத் தோசையைப் பாதி விலைக்கு விற்பதாகவும், பிஸ்கட் பஜ்ஜியை ஒன்று ஒன்றாகத் தருவதாகவும் கூறினார். பெரியவர் உடனே எதுவும் பேசவில்லை. பிறகு, "கடலை மாவில் கொஞ்சம் அரிசி மாவு சேர். எண்ணெய் குடிக்காது" என்றார் மகனிடம். காசைப் பற்றி நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிக் குடும்பத்தோடு இச்சாலையில் செல்லும் வாசகர்கள் இத்தகைய வண்டிகளைக் காணாமல் போக முடியாது. பிள்ளைகள் கேட்பார்கள். "இதெல்லாம் ஒரு தீனியா?" என்று அதட்டி அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. அடுப்பின் அருகே சென்று எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். சேர்க்கும் சாயத்தையும் கிரீமையும் பற்றிக் கேளுங்கள். மனம் நிறைந்தால், நால்வருக்கும் சேர்த்து ஒரு தட்டு வாங்கிப் பிஸ்மில்லாஹ் சொல்லிப் பகிர்ந்து உண்ணுங்கள். பிடித்திருந்தால் மற்றொன்று வாங்கலாம். பிடிக்கவில்லையெனில் நால்வர் பங்கிட்ட ஒரு சிறு தட்டை முடிப்பது கடினமன்று. உழைத்துப் பிழைப்பவரின் மனமும் நோகாது, ரிஸ்கும் வீணாகாது. நம் இல்லங்களின் உணவில் வல்ல இறைவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.