பெரியம்மாவின் கையெழுத்து

"பிளாட்டினமா? நகைக்கடையில வெள்ளையா மின்னுமே, அதுவா?"

பெரியம்மா கேட்டதும் மருத்துவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதுவேதான். சூலகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கார்போபிளாட்டினில் அந்த உலோகம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு முதலில் நன்றாகத்தான் கேட்டது. ஆனால், கடைசி மருந்தேற்றி நான்காம் மாதமே வயிறு மீண்டும் உப்பியது. ஆறு மாதத்திற்குள் நோய் திரும்பினால் அதனைப் பிளாட்டினத்திற்கு அடங்காத நோய் என்பார்கள்.

அப்போதுதான் புதிய மருந்துச் சோதனையில் சேர விருப்பமா என்று கேட்டார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. உயிர்மருத்துவம் படிப்பவள் என்பதால் விளக்கும் பொறுப்பு என் தலையில். பால்மரம் சீவியே காலத்தைக் கழித்தவருக்கு எப்படிச் சொல்வது?

"புற்றணு மேல ஃபோலேட் ஏற்பின்னு ஒன்னு இருக்கு பெரியம்மா. மருந்து அதைத் தேடிப் போய்ப் பிடிச்சுக்கும். அணு அதை உள்ள இழுத்துக்கும். அப்புறந்தான் விஷம் வெளியாகும்."

"கருவாட்டுக்குள்ள எலிப்பாஷாணம் வைக்கிற மாதிரி."

என் விரிவுரையாளர்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

குலுக்கலைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. புது மருந்தா, வழக்கமான கீமோவா என்பதை மருத்துவர் தேர்ந்தெடுக்க முடியாது. கணினிதான் முடிவு செய்யும். "வேணாம்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா?" என்றார். மாட்டார், சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்திலேயே இருந்தது.

இவ்வகை மருந்தான மிர்வெடுக்சிமாபை 453 பெண்களிடம் சோதித்த முடிவு 2023இல் வெளிவந்தது. இடைநிலைக் கணக்கில், வழக்கமான கீமோ பெற்றவர்கள் 12.75 மாதமும் புது மருந்து பெற்றவர்கள் 16.46 மாதமும் வாழ்ந்தனர். பார்வை மங்கும் தொல்லையும் உண்டு. "நாலு மாசம்கூட இல்ல" என்று முணுமுணுத்தேன்.

பெரியம்மா விரல்விட்டு எண்ணினார். "உன் பட்டமளிப்பு எப்போ?"

கையெழுத்துப் போட்டார்.

அறுவைச் சிகிச்சையின்போது எடுத்து, மெழுகில் பதப்படுத்தி வைத்திருந்த திசுவைச் சோதித்தார்கள். ஏற்பி போதவில்லை, சேர்க்க முடியாது என்றார்கள். எல்லாருடைய கட்டியிலும் அது அதிகம் இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். படிவத்திலும் அச்சிட்டிருந்தது. அந்தப் பத்தியை மட்டும் நான் வேகமாகப் படித்துக் கடந்திருந்தேன்.

செய்தியைச் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அந்தச் சதையத் தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"ஆராய்ச்சிக்கு வச்சுக்கலாமான்னு கேட்டு இன்னொரு படிவம் இருக்கு."

"அதையும் கொண்டா" என்று மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.