தலையெழுத்தை எழுதியவர் யார்?

காசிமேட்டுக் கரையிலே ஆயா ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், சொன்னால் அவர் மக்கள் வருந்துவர். ஐம்பது ஆண்டுகள் தலையிலே மீன்கூடை சுமந்தவர். இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அவர் குரல் கேட்ட பிறகுதான் குழம்புக்குப் புளி கரைத்த வீடுகள் பல. நம் வீடும் அவற்றுள் ஒன்று. எழுத்தறியாதவர். ஆனால், எந்த வீட்டில் எவ்வளவு கடன், எந்த வீட்டம்மாள் எந்த வெள்ளிக்கிழமை பாதி கொடுத்தார், வட்டிக்காரனுக்கு எவ்வளவு போயிற்று, அன்றைய ஏலத்தில் வஞ்சிரம் என்ன விலைக்கு நின்றது என்பதெல்லாம் அந்த நரைத்த தலைக்குள்ளே பேரேடாய் விரிந்து கிடந்தன. பள்ளிச் சிறுவராய் வாய்ப்பாடு உருப்போட்டுக்கொண்டிருந்த நாம் விரல் மடக்கி முடிக்கும் முன்னரே விடை சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அந்த ஆயா ஒருநாள் நம் வாயிலில் கூடையை இறக்கினார். இருநூறு ரூபாய் மீனுக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தோம். மீதி முந்நூறைத் தந்தார். சற்று நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மீண்டும் முந்நூறு ரூபாயை நீட்டினார். "ஆயா, இப்பத்தானே குடுத்தீங்க" என்றோம். நிமிர்ந்து நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வையிலே இருந்தது வெட்கமன்று, அச்சம்! ஐம்பது ஆண்டுக் கணக்கில் விழுந்த முதல் பிழை அது என்பதை நமக்கு முன்பே அவர் உணர்ந்துகொண்டார்.

பிறகு பிழைகள் பெருகின. பழகிய தெருவிலே வழி தவறினார். இறந்துபோன கணவர் இன்னும் கரை திரும்பவில்லையே என்று இரவெல்லாம் விழித்திருந்தார். உற்றார் கூடினர். "வயசானா அப்படித்தான்" என்றார் ஒருவர். "ஏதோ பட்டிருக்கு" என்றார் மற்றொருவர். வேப்பிலை வந்தது, தாயத்து வந்தது, மூன்று வாரம் தட்சணை போனது. மூளை வாடும் நோய்க்குக் கயிற்றிலே மருந்து கட்டிய அந்த மந்திரவாதி, தம் பல்வலிக்கு மட்டும் மருத்துவரிடம் போவதை நாம் கண்டிருக்கிறோம்! கடைசியிலே எல்லோரும் ஒன்றுபோல் சொன்ன சொல் ஒன்று: "எல்லாம் தலையெழுத்து."

தலையெழுத்து! எழுத்தே அறியாதபடி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலையிலே எழுத்து இருக்கிறதாம்! யார் எழுதினார்? எந்த ஆண்டில் எழுதினார்? இதைத்தான் நாம் விசாரிக்கப் புறப்பட்டோம்.

முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. அந்த இளம் மருத்துவர் நல்லவர், கையிலிருந்த தாள்தான் கோணல். "இன்று என்ன தேதி, என்ன மாதம்?" என்று கேட்டார். ஆயா சன்னல் பக்கம் திரும்பி, "வாடை திரும்பிடுச்சு, இனிமே மழைதான்" என்றார். தாளிலே சுழி விழுந்தது. "நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள்" என்றார். "எதுக்குக் கழிக்கணும்? என்ன மீனு?" என்று கேட்டார் ஆயா. மறுபடியும் சுழி. "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்று பென்சிலைக் கொடுத்தார். ஆயா அதைத் தீக்குச்சிபோலப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். ஐந்து கோணமுள்ள இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று வெட்டும் படம் ஒன்றும் வந்தது, அதைப் பார்த்து வரையச் சொல்லி!

உடனிருந்த மகள், நமக்கு அக்கா முறை, பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டார்: "அம்மா, நூறு ரூபா குடுத்திருக்காங்க. ஏழு ரூபாய்க்கு நெத்திலி. மீதி எவ்ளோ?" ஆயா உடனே, "தொண்ணூத்தி மூணு" என்றார். "அதுல இன்னொரு ஏழு ரூபாய்க்கு?" என்று கேட்டபோது உதடுகள் அசைந்தன, விரல்கள் அசைந்தன, விடை வரவில்லை. ஆம், நோய் உண்மைதான். ஆனால், அந்தத் தாள் அளந்தது நோயை மட்டுமா? அறுபது ஆண்டுகளுக்கு முன் அவருக்கு மறுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தையும் சேர்த்தல்லவா அளந்தது!

இத்தகைய வினாத்தாள்களுள் உலகெங்கும் புகழ்பெற்றது 1975-இல் அமெரிக்காவில் எழுந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவரை மனத்தில் வைத்து அமைந்தது அது. அரியானாவிலுள்ள பல்லப்கட் சிற்றூர்களிலே ஆய்வு செய்தவர்கள் இதன் பொருந்தாமையைக் கண்டு, கல்லாத முதியோருக்கு ஏற்றபடி இந்தியில் மாற்றியமைத்து 1995-இல் வெளியிட்டனர். 10/66 என்ற விந்தையான பெயரில் ஓர் உலக ஆய்வுக்குழு உண்டு. அக்குழு தொடங்கிய நாளில், மறதி நோயாளருள் நூற்றுக்கு அறுபத்தாறு பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர நாடுகளிலும் வாழ்வதாக மதிப்பிட்டனர். ஆனால் அந்நோய் பற்றிய ஆராய்ச்சியிலே நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்நாடுகளில் அன்று நடக்கவில்லை. அந்த அநீதியையே பெயராகச் சூட்டிக்கொண்டனர்! அவர்கள் ஆய்ந்த ஊர்களிலே நம் சென்னையும் வேலூரும் அடங்கும்.

இனி, ஆயாவின் ஏட்டைப் புரட்டுவோம். நாடு விடுதலை பெற்ற ஆண்டில் அவர் கைக்குழந்தை. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். பெண்களிலோ ஒன்பது பேருக்கும் குறைவு. 1956-இல் பள்ளிகளிலே மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியபோது அவருக்கு ஒன்பது வயது. தம்பி பள்ளிக்குப் போனான். அடுத்த தம்பியை இடுப்பிலே சுமந்துகொண்டு ஆயா வாயிலில் நின்றார். பத்து வயதில் இறால் உரித்தார், பதினாறில் கூடை ஏறியது. இதை அவரே நம்மிடம் சொல்லியிருக்கிறார், குறையாக அன்று, வேடிக்கையாக. "படிச்சிருந்தா உங்க அம்மாகிட்ட இன்னும் நல்லா ஏமாத்தியிருப்பேன்" என்பார்.

கல்விக்கும் மறதி நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மூளையிலும் ஒரு சேமிப்பு உண்டு என்கின்றனர் அறிவியலார். குதிரில் நெல் உள்ள வீடும் இல்லாத வீடும் ஒரே பஞ்சத்தைச் சந்தித்தாலும் ஒரே நாளில் பட்டினி கிடப்பதில்லை அல்லவா? அதுபோலவே இளமையிலே பெற்ற கல்வி, உணவு, சிந்தனைப் பயிற்சி ஆகியவை குதிர் நெல்லாய் நின்று, நோய் வந்த பின்னும் மூளையைச் சில ஆண்டுகள் காக்கின்றன. அமெரிக்காவிலே கன்னித் துறவியர் அறுநூற்று எழுபத்தெட்டுப் பேரை ஸ்னோடன் என்பார் ஆராய்ந்தார். 1986-இல் தொடங்கிய ஆய்வு அது. ஒரே விதமான உணவு, ஒரே விதமான மாடத்து வாழ்க்கை. ஆயினும், இருபதை ஒட்டிய வயதிலே எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் கருத்துச் செறிவு மிகுந்திருந்தவர்களை முதுமையில் அந்நோய் அரிதாகவே பற்றியது. இறந்தபின் திறந்து பார்த்த மூளைகளுள் சில, நோயின் கறை நிறைந்திருந்தும், வாழ்ந்த நாளில் தெளிவு குன்றாதிருந்தவை! அந்த இருபதாவது வயதிலே நம் ஆயாவிடம் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? கட்டைவிரலை நீட்டியிருப்பார்.

"செல்வருக்கும்தானே இந்நோய் வருகிறது?" என்று வாதிடுவோர் உண்டு. வருகிறது, மறுக்கவில்லை. அமெரிக்கக் குடியரசுத் தலைவராய் இருந்த ரேகன் தமக்கு வந்ததென்று 1994-இல் உலகுக்கே அறிவித்தார். வெள்ளை மாளிகையானாலும் மூப்பு வரும். ஆனால், எத்தனை பேருக்கு, எந்த வயதில், எந்தத் துணையோடு என்பதல்லவா கேள்வி? இங்கிலாந்திலே அரசு அலுவலரை ஆராய்ந்த மார்மட் என்னும் பேராசிரியர் ஓர் உண்மையைக் கண்டார். நோயும் சாவும் ஏழை, செல்வர் என்று இரண்டு கூறாய் நிற்கவில்லை. பதவி ஏணியில் ஒரு படி இறங்க இறங்க ஒரு படி மிகுந்துகொண்டே போயின. பட்டினி அறியாத அலுவலகத்திலேயே இந்த நிலை! படிப்படியாய் அடுக்கிய ஏற்றத்தாழ்வு என்று நம் சமுதாயத்தை அண்ணல் அம்பேத்கர் வரையறுத்தாரே, அந்த அடுக்கின் எடை முதுகிலே மட்டும் விழுவதில்லை, மூளைக்குழாயிலும் விழுகிறது.

லான்செட் என்னும் மருத்துவ ஏடு அமைத்த வல்லுநர் குழு 2024-இல் பதினான்கு காரணங்களை எடுத்துரைத்தது. அவற்றை வாழ்நாள் முழுதும் களைந்தால், உலகிலுள்ள மறதி நோயில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. பிரமன் எழுதியதாயின் நாற்பத்தைந்து பங்கை அழிக்க முடியுமோ? பட்டியலைப் பாருங்கள்: கல்விக் குறைவு, செவி மந்தம், பார்வைக் குறைவு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, கொழுப்பு, தலைக்காயம், புகை, மது, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு... வடசென்னையின் மேல்விலாசத்தை யாரோ எழுதி வைத்ததுபோல் இல்லையா?

செவியை எடுத்துக்கொள்வோம். திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் முப்பது ஆண்டுகள் சம்மட்டி ஓசையிலும் கொதிகலன் இரைச்சலிலும் நின்றவர்களை நாம் அறிவோம். ஓய்வு பெற்றபோது கையிலே பணிக்கொடை கிடைத்தது. காதிலே ஒன்றும் எஞ்சவில்லை. வீட்டிலே பேரப்பிள்ளைகள் பேசுவது கேளாது. கேளாததால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் கூட்டம் விலகும், கூட்டம் விலகினால் மூளைக்கு வேலை ஏது? "செவிட்டுக் கிழம்" என்று ஏசிவிட்டுப் போகிறோம். செவிக்கருவி ஒன்று வாங்கினால் தணியக்கூடிய துன்பம் அது. ஆனால் தொழிலாளி வீட்டில் மூக்குக்கண்ணாடிக்கே வரிசை நிற்கும்போது செவிக்கருவி எப்போது வரும்?

அடுத்து, காற்று. இராயபுரத்திலே கொடியில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலைக்குள் சாம்பல் நிறம் கொள்ளும் நாள்கள் இருந்தன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற ஆணையால் 2011-இல் நின்றது. நின்று எங்கே போயிற்று? எண்ணூருக்கு! அங்கே 1970 முதல் எரிந்த அனல்மின் நிலையம் 2017-இல் அணைந்தது. ஆனால் 1994 முதல் எரியும் வடசென்னை நிலையமும், அதன் பின் எழுந்த வல்லூர் நிலையமும் உள்ளன. சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்திலே படிந்து, இறால் பிடித்தவர் வலையில் சேறாய் ஏறியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகத்தை மூடியது. அதே திங்களில் ஓர் இரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். மின்விளக்கு ஊருக்கெல்லாம் எரிகிறது. புகை மட்டும் வடக்கே! நுண்ணிய மாசு மூச்சுப்பையோடு நிற்பதில்லை, இரத்தக் குழாயையும் மூளையையும் தாக்குகிறது என்று கண்டு, காற்று மாசையும் அந்த வல்லுநர் குழு 2020-இலேயே பட்டியலில் சேர்த்துவிட்டது.

இந்தியாவில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ எண்பத்தெட்டு இலட்சம் பேர், இந்நோய் கொண்டவர் என்று 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தாரைவிடச் சிற்றூராரிடமும் மிகுதி. எந்த எழுத்துப் பலகை யாருக்கு மறுக்கப்பட்டதோ, அந்த வரிசையிலேயே வருகிறது நோயும்!

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 1920-இல் நீதிக்கட்சியினர் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றிலே தொடங்கிய பகலுணவு, 1956-இல் மாநிலத் திட்டமாகி, 1982-இல் சத்துணவாகி, 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. பசியாறும் திட்டம் என்றே அதைச் சொல்லிப் பழகினோம். எழுபது ஆண்டு கழித்து வரும் மறதிக்கு எதிராக இன்றே கட்டும் அணை அது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2021 முதல் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நன்று. ஆனால், நினைவு தப்பிய முதியவரைப் பகலிலே வைத்துப் பார்க்க வடசென்னைத் தெருக்களில் இடம் எங்கே? செவி பார்க்க, கண் பார்க்க, நினைவு பார்க்கத் தெருமுனையில் ஆள் எங்கே?

இருக்கிற ஒரே இடம் மகளின் தோள். அக்கா ஆயத்த ஆடை நிறுவனத்தில் தைத்துக்கொண்டிருந்தார், வேலையை விட்டார். தம்பிமார் இருவரும் திங்கள் முதல் நாளில் பணம் அனுப்புவர், வருந்திக் கைப்பேசியில் பேசுவர். பார்ப்பது அக்கா. ஈழத்தார் இந்நிலையை "அறளை பெயர்தல்" என்பர். பெயர்வது நோயாளியின் அறிவு மட்டுமன்று, மகளின் வாழ்வும்தான்.

ஆயா இறப்பதற்கு இரண்டு திங்கள் முன்பு போயிருந்தோம். அன்றிரவு அங்கேயே தங்கினோம். இரவு மூன்று மணிக்கு ஆயா எழுந்து கூடை தேடினார். ஏல நேரம்! அக்கா கதவைப் பூட்டுவதில்லை. பூட்டினால் கையால் அறைந்து அறைந்து இரத்தம் வரும் என்றார். பழைய கூடை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூவருமாய்க் கரை நோக்கி நடந்தோம். வழியிலே அக்கா மெல்லக் கேட்டார்: "தம்பி, எனக்கும் இப்படி வருமா?"

அக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு. இரத்தக் கொதிப்பு உண்டு. நாம் விடை சொல்லவில்லை, "மாத்திரை போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். மாத்திரை கொடுக்கும் அம்மாள் வந்தபோதெல்லாம் வீடு பூட்டியிருந்ததாம், ஆயாவைத் தேடி அவர் தெருத்தெருவாய் அலைந்த நாள்கள் அவை. முந்தானை முடிச்சில் கடைசியாக ஒரு மாத்திரை இருந்தது. தண்ணீர் வாங்கலாம் என்று நாம் நிற்பதற்குள் ஆயா வெகுதூரம் முன்னே போய்விட்டார். அக்கா மாத்திரையை வாயில் போட்டு, அப்படியே விழுங்கிவிட்டு, அம்மாவைப் பிடிக்க ஓடினார்.