இடம் அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்று

விடைத்தாள் திருத்தும் பருவத்தில் மேல்வயிற்றில் எரிச்சல் வருவது எனக்குப் பல்லாண்டுப் பழக்கம். சென்ற ஆண்டு அது சற்று நீடித்ததால் ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். பித்தப்பையில் கல் இல்லை. அறிக்கையின் கடைசி வரியில் மட்டும், கல்லீரலின் வலப்பகுதியில் நான்கு சென்டிமீட்டர் அளவில் ஒரு ‘ஸ்பேஸ் ஆக்குபையிங் லீஷன்’ இருப்பதாக எழுதியிருந்தது. “டாக்டர்ட்ட கேட்டுக்கோங்க மேடம்” என்று உறையை நீட்டினாள் அங்கிருந்த பெண். அன்று சனிக்கிழமை மாலை. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு இரவுகள் இருந்தன.

இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒன்று. எதுவென்று கூறாமல், இருக்கிறது என்று மட்டும் கூறும் தொடர். அன்று அதைக் கொடூரம் என்று எண்ணினேன். அது நேர்மையான தொடர் என்பது பின்னர்தான் புரிந்தது. நம்மிடம் புழங்குவதோ ‘கட்டி’ என்னும் ஒரே சொல். வெல்லத்துக்கும் அதுவே, தங்கத்துக்கும் அதுவே. என் தந்தையின் கல்லீரலில் வந்ததையும் கட்டி என்றே சொன்னார்கள். மதுவைத் தொடாதவர். ஹெபடைடிஸ் பி கிருமி அவர் உடலில் எத்தனை ஆண்டுகள் இருந்ததோ! காமாலை என்று தொடங்கி ஏழு மாதங்களில் முடிந்தது. ஈரக்குலை நடுங்குவதை வகுப்பில் எத்தனையோ முறை மரபுத்தொடராக விளக்கியிருக்கிறேன். அந்த இரண்டு இரவுகளில் அது மரபுத்தொடராக இல்லை.

ஞாயிறன்று வீட்டில் இருக்க முடியாமல் கணவருடன் செண்பகத்தோப்புக்குப் போனேன். சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமான காடு அது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. மரத்தலைகள் ஒன்றையொன்று தொடுமிடத்தில் இலையும் குச்சியும் திரண்ட உருண்டைகள் தெரிந்தன. மரங்களுக்கு ஏதோ நோய் என்றே நினைத்தேன். மனம் இருந்த நிலை அப்படி. வனக்காவலர் சிரித்தார். “அது அணில் கூடும்மா. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. எது வருது, எது போகுதுன்னு பாத்தா தெரிஞ்சிரும்.” நின்றோம். ஒன்றும் வரவில்லை.

திங்களன்று மருத்துவர் கட்டியைப் பற்றிப் பேசுமுன் என்னைப் பற்றிக் கேட்டார். கருத்தடை மாத்திரை உண்டதுண்டா, வீட்டில் யாருக்கேனும் கல்லீரல் நோய் உண்டா? தந்தையைச் சொன்னதும் எழுதுகோலை வைத்துவிட்டார். கிருமியாலோ தழும்பேறியோ கெட்ட கல்லீரலில் தென்படும் கட்டியை எளிதில் நம்பலாகாது. நலமான கல்லீரலில் தற்செயலாகத் தென்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றார். இரத்தப் பரிசோதனையில் எனக்குக் கிருமி இல்லை. பிறகு மதுரையில் எம்.ஆர்.ஐ.

கைநரம்பில் மருந்தைச் செலுத்தி, அது கட்டிக்குள் எவ்வாறு வருகிறது, எவ்வாறு போகிறது என்று அடுத்தடுத்துப் படமெடுக்கிறார்கள். கல்லீரலில் பிறக்கும் புற்று பெரும்பாலும் தமனி இரத்தத்தை உடனே வாங்கி, விரைவில் வெளியேற்றிவிடும். என்னுடையது விளிம்பில் திட்டுத்திட்டாக ஒளிர்ந்து, சில நிமிடங்களில் மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பியது. ஹீமாஞ்சியோமா என்று பெயர். இரத்தக் குழாய்கள் பஞ்சுபோலப் பின்னிப் பெருத்தது, அவ்வளவுதான். கல்லீரலின் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகுதி, அதிலும் பெண்களிடம். வனக்காவலர் சொன்னதும் இதே முறைதானே என்று தோன்றியது.

தீங்கற்றவை எல்லாம் ஒன்றல்ல. நடுவில் தழும்புகொண்ட ஒருவகை உண்டு. அதையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். அடினோமா என்பது வேறு. கருத்தடை மாத்திரையோடு அதற்குள்ள தொடர்பு 1973 முதல் பேசப்படுகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் சிலர் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் ஸ்டீராய்டுகளாலும் வரும். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளே இரத்தம் கசியலாம், புற்றாகவும் மாறலாம். ஆண்களுக்கு வந்தால் அளவு பாராமல் அகற்றவே சொல்கிறார்கள்.

எனக்கு மருந்து இல்லை, பத்தியமும் இல்லை. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதையும் வேண்டாம் என்றார். இரத்தக் கட்டியில் அது வீண் ஆபத்து. மிகப் பெரிதாகி வலி தந்தாலொழியக் கத்தி வேண்டியதில்லை. சின்னம்மா இதை ஏற்கவில்லை. கீழாநெல்லியை அரைத்துக் கொண்டுவந்தவர், “கட்டியை உள்ள வச்சிக்கிட்டு எப்படிடி தூங்குற?” என்றார்.

மருத்துவர் சொன்ன இன்னொன்றை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடன்பிறந்தவர்களும் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார். தந்தை இறந்து இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. தங்கைக்குக் கிருமி இல்லை, தடுப்பூசி போட்டுக்கொண்டாள். தம்பிக்கு இருந்தது. வயது நாற்பத்தொன்று. வலியில்லை, கட்டியில்லை, கல்லீரல் இன்னும் கெடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் அவன் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டு முறை போய் வந்துவிட்டான். மூன்றாம் முறைக்குத் தேதி குறித்திருக்கிறோம். நானும் உடன் போகிறேன். சென்ற வாரம் சின்னம்மா வந்திருந்தபோது அவனைப் பார்த்து, “நல்லா இருக்கியே, ராசா!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அதை எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்டார்.