அம்மாவின் பெயர் எந்தக் கார்டில் இருக்கிறது?

சம்பா பட்டத்தில் பயிர்க் காப்பீட்டுப் பதிவு நடக்கும்போது அடங்கல், சிட்டா, பாஸ்புக்கோடு இ-சேவை மையங்களில் வரிசை நிற்கும். கடைசித் தேதி தாண்டினால் அவ்வளவுதான் என்பது இன்று எல்லா விவசாயிகளுக்கும் தெரியும். அந்த வரிசையில் நிற்பவரிடம், "வீட்டில் அப்பா, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "பழைய கார்டு ஒண்ணு பெட்டியில கிடக்கும் சார்" என்பார். அந்தக் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரும் இதில் வருவார்கள். ஆனால், யார் எந்தக் குடும்பம் என்பதை ரேஷன் கார்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. அம்மா ஊரில் தம்பியோடு இருக்கிறார். தம்பிக்கு இரண்டு ஏக்கர் நிலமும் நாலு மாடும். "பெரியவன் ஆபீசர், அவன் கார்டுல பேரைச் சேர்த்துட்டா ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கவர்மென்ட் பார்த்துக்கும்" என்று சித்தப்பா சொன்னார். அப்படி இல்லை. அரசு ஊழியர் காப்பீட்டில் மனைவி, பிள்ளைகள் வருவார்கள்; திருமணமான ஊழியரின் பெற்றோருக்கு அதில் இடமில்லை. என் சம்பளமோ முதலமைச்சர் திட்டத்தின் வரம்பைத் தாண்டியது. என் கார்டுக்கு வந்திருந்தால் அம்மாவுக்கு இரண்டுமே இல்லாமல் போயிருக்கும். "நான் எங்க சாப்பிட்டுப் படுக்கிறேனோ அங்கதான்டா என் பேரும் இருக்கணும்" என்று அம்மா முடித்துவிட்டார். பெயர் தம்பி கார்டிலேயே இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் போகும் ஊர்களில் நேர்மாறாக நடக்கிறது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பான். கல்யாணமாகிக் கார்டு போடும்போது பெற்றோர் பெயரையும் அதில் சேர்த்திருப்பான். 1,20,000 என்பது மாதம் 10,000 ரூபாய்தான். அவன் சம்பளம் அதைத் தாண்டியிருக்கும். ஊரில் மானாவாரி நிலத்தில் தனியே பொங்கித் தின்னும் பெற்றோருக்குக் காப்பீடு கிடைக்காது. தனிச் சமையல் நடக்கும் வீட்டுக்குத் தனிக் கார்டு கேட்கலாம். காப்பீட்டுக்காகப் பெயரை எங்காவது ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. உண்மையில் வசிக்கும் வீட்டுக் கார்டில் பெயர் இருக்கட்டும் என்கிறேன்.

கார்டு சரியானதும் வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. விசாரித்துப் பரிந்துரைப்பார். பிறகு அந்தச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். பெரியவர்களையும் கூடவே அழைத்துப் போங்கள். அம்மாவின் கைரேகையை மெஷின் மூன்று முறை எடுக்கவில்லை. ஐம்பது வருஷம் நாற்றுப் பறித்து, களை பிடுங்கிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? விரலைத் துடைத்துத் துடைத்து வைத்து நாலாவது முறைதான் ஏறியது. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தைப் பற்றியும் அங்கேயே விசாரித்து வாருங்கள்.

போன தை மாதம் அறுவடை நேரத்தில் அம்மாவுக்கு நெஞ்சுவலி. தம்பி பக்கத்து டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். "இந்தக் கார்டு இங்கே செல்லாது, முதலில் பணம் கட்டுங்கள்" என்றார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை இன்றும் தம்பியால் பேச முடியவில்லை. அங்கே ஸ்டென்ட் வைத்தார்கள்; காப்பீட்டில் முடிந்தது. எல்லாத் தனியார் மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் கிடையாது. உங்கள் பக்கத்தில் எது இருக்கிறது, எந்தச் சிகிச்சைக்கு இருக்கிறது என்பதை நல்ல நாளிலேயே 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டுக் கார்டின் பின்னால் எழுதி வையுங்கள்.

வருமானம் கூடுதலாக உள்ளவர்கள் தனியார் பாலிசிதான் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. இல்லை. ஆனாலும் வயதானவர்களுக்குப் பிரீமியம் கனமானது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். சர்க்கரை, பிரஷரை மறைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லும் ஏஜென்ட்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிகிச்சைப் பணம் கேட்கும் நாளில் அவர் வரமாட்டார்.

அம்மா இப்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் அளவுக்குத் தேறிவிட்டார். தினசரி மாத்திரைகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பிரஷர் மாத்திரையை 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இதய மாத்திரைகளை மட்டும் தம்பி மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனையில் வாங்கி வருகிறான், மாட்டுத் தீவனம் வாங்கப் போகும் நாளில்.