அகதிகளின் கடிகாரம்

சுவிஸ் கைக்கடிகாரங்களின் வரலாற்றைச் சில நாள்களாகத் தேடிப் படித்தோம். பொறிநுட்பத்தை அறிய விழைந்த நமக்கு எதிரே வந்து நின்றவர்கள் அகதிகள்.

16ஆம் நூற்றாண்டில் ஜெனீவா நகரில் கால்வினின் சீர்திருத்தம் அணிகலன்களைக் கடிந்து ஒதுக்கியது. பிழைப்பிழந்த பொற்கொல்லர்கள் கடிகாரத் தொழிலுக்குத் திரும்பினர். அதன் நுணுக்கத்தைக் கொண்டுவந்தவர்களுள் பலர், பிரான்சிலிருந்து தப்பிவந்த ஹியூகனாட்டுகள் என்னும் சீர்திருத்த சபையினர். 1601இல் கடிகாரக் கைவினைஞர்க்கென அங்கே ஒரு சங்கம் எழுந்தது. அம்மக்களைத் துரத்தியவர்கள் கத்தோலிக்கராகிய நாமே. குருமடத்தில் கால்வினின் தவறுகளை வரிசையாக மனனம் செய்த நாம், இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிட்டிருந்தோம்.

1830இல் போலந்தில் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், அதில் போரிட்ட அந்தோணி பட்டேக் நாடிழந்தார். அவர் கத்தோலிக்கர். பிரான்சைக் கடந்து அவர் வேரூன்றியது அதே ஜெனீவாவில்! அங்கே 1839இல் கடிகார நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். தனிச்சாவியின்றிக் குமிழைத் திருகியே சாவி கொடுக்கும் முறையை வகுத்த பிரெஞ்சுக்காரர் அட்ரியன் பிலிப் 1845இல் அவரோடு இணைந்தார். இன்றும் பட்டேக் பிலிப் என்பதே அந்நிறுவனத்தின் பெயர்.

நாம் துரத்தியவர்களை ஏற்ற நகரம், பின்னாளில் நம்மவருக்கும் இடம் தந்தது. அன்னியரில் தம்மைக் காணச் சொன்ன ஆண்டவர்முன் நாம் தலைகுனிகிறோம். நம் பங்கு இல்லத்தின் வாசலில் வேற்றூரார் வந்து நிற்கையில், "எந்தச் சபை?" என்பதே நமது முதற்கேள்வியாய் இருந்திருக்கிறது. இனி, "சாப்பிட்டீர்களா?" என்பது முந்தட்டும்.