கைக்கு ஏற்ற பிடி



உங்கள் வீட்டுக் கூரைச் சந்தில் ஒரு தூண்டில் செருகி வைக்கப்பட்டிருக்கலாம். அதை இறக்கி, கை பிடிக்கும் இடத்தைச் சற்றுப் பாருங்கள். தூண்டில் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் நுனி எப்படி வளைகிறது, மெசின் எப்படிச் சுற்றுகிறது என்றுதான் சோதிக்கிறார்கள். பிடியைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால் என் தந்தையாரின் மனத்தை நோகடித்தேன். அந்தக் கதையை இன்று உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

என் தந்தையார் கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்தில் 35 ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். விடியுமுன்னே பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கோடு மரத்தடியில் நிற்பார். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் பட்டை சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இறங்காது. இது உங்களுக்குத் தெரியாததா? தம் கத்தியின் பிடிக்கு அவர் பழைய சாரோங் துணியைக் கிழித்துச் சுற்றி வைத்திருப்பார். "பிடி கைக்குச் சரியா உக்காரலேன்னா, கத்தி மரத்துல உக்காந்துடும்" என்பார்.

2004ஆம் ஆண்டு, 55 வயதில் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருக்குப் பொழுதுபோக்கு பேராக் ஆறுதான். கையில் ஒரு மூங்கில் தூண்டில். அவரே வெட்டி, வெயிலில் காயவைத்து, கணப்பில் காட்டி நிமிர்த்தியது. மெசின் கிடையாது. அதைக் கொண்டே லம்பாம், பாவுங், அதிர்ஷ்டம் இருந்தால் நீலக் கால் நீண்ட ஊடாங் காலா என்று பிடித்து வருவார்.

2011 தீபாவளிக்கு அவருக்கு ஒரு நல்ல தூண்டில் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன். தெலுக் இந்தானில் ஒரு கடைக்குப் போனேன். கருகருவென்று மெலிந்த கம்பு. பிடி இரண்டு துண்டாக, நடுவில் கம்பு வெறுமையாகத் தெரியும் புது மாதிரி. மெசினோடு சேர்த்து 120 வெள்ளி. கடைக்காரர் புகழ்ந்தார், வாங்கிவிட்டேன். அப்பா கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி, லேசா இருக்கு" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூங்கிலைத்தான் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "காசு போட்டு வாங்கினதச் சுவத்துல சாத்தி வச்சிட்டு இந்தக் குச்சியத்தான் தூக்கிட்டுப் போகணுமாப்பா? பார்க்கிறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று கேட்டுவிட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் புதுத் தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு புறப்பட்டார். நானும் எட்டு வயது மகனும் உடன் போனோம்.

ஆற்றோரப் பலகைத் துறையில் உட்கார்ந்தோம். லேசாகத் தூறல். ஒரு மணி நேரம் கழித்துப் பாவுங் ஒன்று பலமாக இழுத்தது. அப்பா எழுந்து நின்று தூக்கினார். ஈரத்தில் பிடி அவர் உள்ளங்கையில் அப்படியே திரும்பியது. மறுகணம் தூண்டில் கையை விட்டுப் போய்விட்டது. பலகையில் விழுந்து தண்ணீரை நோக்கி ஓடியது. "தாத்தா!" என்று கத்திக்கொண்டே என் மகன் அதைப் பிடிக்கப் பாய்ந்தான். பலகையின் விளிம்புக்கும் அவன் காலுக்கும் ஒரு சாண் தூரம்தான் இருந்திருக்கும். அப்பா இடது கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவிட்டார். மெசின் பலகைச் சந்தில் சிக்கியதால் தூண்டில் நின்றது. நரம்பு அறுந்து மீன் போயிற்று.

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அப்பா தம் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை மூட மாட்டேங்குது தம்பி."

"எப்ப இருந்துப்பா?"

"வேலைய விட்டு ரெண்டு மூணு வருஷத்துல ஆரம்பிச்சது."

"தூண்டில் கொடுத்தப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

வாசகர்களே, நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் விரல் பென்சிலில் சரியாகப் படியவில்லை என்றால் முதல் வாரமே கண்டுபிடித்துவிடுவேன். தடித்த பென்சிலாகக் கொடுங்கள் என்று தாயாரிடம் சொல்லி அனுப்புவேன். என்னைப் படிக்க வைத்த கையை மட்டும் பல ஆண்டுகளாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அன்றிரவு மூங்கில் தூண்டிலை எடுத்துப் பார்த்தேன். அடியில் சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டிச் சுற்றி, அதன் மேல் துணியும் சுற்றித் தடிமனாக்கியிருந்தார். தம் கைக்கு என்ன வேண்டும் என்பதை அவர் எப்போதோ கண்டுபிடித்துச் செய்தும் வைத்திருந்தார். அதைத்தான் நான் குச்சி என்று சொல்லியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பிடிகளைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்; உங்களில் யாருக்காவது பயன்படும்.

முதலாவது தக்கைப் பிடி. வெளிர் பழுப்பு நிறத்தில், வளையம் வளையமாக ஒட்டிச் செய்திருப்பார்கள். தக்கை ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் நாட்டில்தான் அது மிகுதியாக விளைகிறது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டையை மட்டும் உரிப்பார்கள். நட்டு 25 ஆண்டு ஆன பிறகே முதல் உரிப்பு. அடுத்து ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "நாம ஆறாம் வருஷமே கத்தி வச்சிடுறோம். அவனுக்குப் பொறுமை அதிகம்தான்" என்று சிரித்தார். தக்கை லேசானது, ஈரத்திலும் பிடிமானம் தரும், மீன் மெல்லத் தொட்டாலும் கைக்குத் தெரியும். விலை அதிகம், ஓரங்கள் பிய்ந்துபோகும். அழுக்கேறினால் சோப்பு நீரில் கழுவி, காய்ந்த பின் மெல்லிய உப்புத் தாளால் தேய்த்தால் புதிதாகிவிடும்.

இரண்டாவது, கறுப்பு நிறத்தில் மெத்தென்று இருக்கும் பிடி. கடையில் ஈ.வி.ஏ. என்பார்கள். சப்பாத்து, சிலிப்பர்களின் அடிப்பாகத்துக்குப் பயன்படும் அதே வகை நுரைப்பொருள். மலிவானது, தண்ணீரை உறிஞ்சாது, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் மீனின் மெல்லிய கொத்தல் அதில் சற்று மங்கித்தான் கைக்கு வரும்.

வடிவத்திலும் இரண்டு உண்டு. முழுநீளப் பிடியில் கையை எங்கே வேண்டுமானாலும் மாற்றி வைத்துக்கொள்ளலாம். இரண்டு துண்டுப் பிடி பார்வைக்கு அழகு, எடையும் சிறிது குறையும். ஆனால் கை நழுவினால் நடுவில் பற்றிக்கொள்ள மெல்லிய கம்புதான் இருக்கும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

நீளத்தை எப்படிப் பார்ப்பது? மெசின் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அடிக்கம்பை முன்கையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். ஒரு கையால் வீசுகிறவருக்கு அது முழங்கை வரை வந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் சட்டையில் மாட்டும், விலாவில் இடிக்கும். இரண்டு கையாலும் வீசுகிற கனமான தூண்டிலுக்கு மட்டும் கூடுதல் நீளம் வேண்டும்.

தடிமன்தான் முக்கியம். பிடி மெலிந்திருந்தால் கை மேலும் இறுக்கிப் பிடிக்கும், சீக்கிரம் சோர்ந்துவிடும். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கரண்டிப் பிடியைக்கூடத் தடிமனாக்கித் தருவது அதனால்தான். மூடாத கையை மூடச் சொல்லக் கூடாது. கை நிற்கிற இடம் வரை பிடியைப் பெருக்க வேண்டும்.

அப்படித்தான் செய்தோம். பழைய நாளிதழை உருட்டி அப்பா கையில் கொடுத்தேன். சிரமமில்லாமல் விரல்கள் படியும் வரை தாளைக் கூட்டிக்கொண்டே போய், அந்த அளவில் நூலால் கட்டினேன். அடிக்கோலால் அளந்தால் நான்கு சென்டிமீட்டர். நான் வாங்கிய தூண்டிலின் பிடி இரண்டரைதான். நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பருத்திக் கயிறு சுற்றி நிரப்பினோம். டியூபை இரண்டு சென்டிமீட்டர் அகல வாராக வெட்டி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் பாதியை மூடும்படி அடியிலிருந்து மேலாகச் சுற்றினோம். அதன் மேல் பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் பட்டை. டியூபுக்கும் பட்டைக்கும் சேர்த்துப் பத்து வெள்ளிகூட ஆகவில்லை.

முடிக்கும்போது அப்பா ஒன்று சொன்னார். "முன்னால ஒரு விரல் அளவு கம்ப மூடாம விடு தம்பி. ஊடாங் காலா தொடுறது விரலுக்குத் தெரியணும்." ரப்பர் சுற்றினால் கொத்தல் மங்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது. மெசினுக்கு முன்னே அந்த இடத்தை விட்டேன். அவர் ஆள்காட்டி விரல் இன்றும் அங்கேதான் இருக்கும்.

அப்பாவுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. வாரம் ஒரு முறையாவது ஆற்றுக்குப் போகிறார். சுற்றியதை இரண்டு முறை பிரித்துப் புதிதாகச் சுற்றிவிட்டோம். வளர்ந்துவிட்ட என் மகன் ஒருநாள் அதை வாங்கி வீசிப் பார்த்துவிட்டு, "எனக்கு இது ரொம்பத் தடிப்பா இருக்கு தாத்தா" என்று திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு மெல்லிய தக்கைப் பிடிதான் ஒத்துவருகிறது. எது நல்ல பிடி என்று கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. யார் கைக்கு என்பதைச் சொன்ன பிறகுதான் அந்தக் கேள்விக்கே பொருள் வரும்.

வரும் பண்டிகைக்கு உங்கள் பெற்றோருக்கு எதை வாங்கினாலும், தூண்டிலோ, குடையோ, தேநீர்க் கோப்பையோ, கடைக்குப் போகுமுன் ஒரு நிமிடம் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் கையை உங்கள் கையில் எடுத்து, விரல்கள் எதுவரை மடங்குகின்றன என்று பாருங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.