காலம் அறிந்த பொறி

திருக்குறளின் 49ஆம் அதிகாரம் ‘காலமறிதல்’. வேந்தனை நோக்கிச் சொல்லப்பட்ட அந்த அறிவு மோட்டார்ப் பட்டறைக்கும் உரியது என்பதை எனக்கு உணர்த்தியவர் என் தாய்மாமா. காரைக்குடியில் நெடுங்காலம் பட்டறை நடத்தியவர். ஏட்டுக் கல்வி குறைவு; கேள்வி ஞானம் மிகுதி.

அவர் நெஞ்சுக்கு உகந்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் அப்பெயரோடு உருவாயிற்று. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே, 1962இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை டிரையம்ப் நிறுவனத்தார் வெளியிட்டனர். இரண்டின் எஞ்சினும் ஒரே குடும்பத்தவை. எனவே ஒன்றின் டைமிங்கைக் கற்றவர்க்கு மற்றொன்று அயலன்று.

டைமிங் என்பது யாது? சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவி எரிந்து பரவச் சிறிது நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னரே பிளக்கில் பொறி தோன்ற வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு. அதில் 10 பாகை என்பது, ஒரு நொடியை 1,800 கூறாக்கினால் அதில் ஒரு கூறு! இவ்வளவு நுண்ணிய காலத்தை அளந்து தருவதே டிஸ்ட்ரிபியூட்டரின் பணி. பொறி மிக முந்தினால் எஞ்சின் தட்டும். பிந்தினால் வலுக்குன்றிச் சூடேறும்.

மாமாவின் முறை எளிது. முதலில் பாயிண்டின் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காக வைப்பார். பின் முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்தத்தில் மேலேறும்போது, புல்லியின் குறியைக் கையேடு கூறும் பாகையில் நிறுத்துவார். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு சிறு பல்பை இணைத்துச் சாவியைத் திருப்புவார். பிடிப்பைத் தளர்த்தி மெல்லத் திருப்ப, பாயிண்ட் பிரியும் கணத்தில் பல்பு ஒளிரும். அங்கே இறுக்குவார். ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் பொறி முந்தும். அத்திசையிலேயே திருப்பினால் பிந்தும்.

“இது பாதி வேலைதான் மாப்பிள்ளை” என்பார். கையேட்டின் அளவு, புது எஞ்சினுக்கும் அன்றைய பெட்ரோலுக்கும் எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டில் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது. இன்று எத்தனால் கலக்கிறது. தேய்ந்த எஞ்சினோ தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மீதிப் பாதியைச் செவிதான் சொல்ல வேண்டும்.

ஆத்தங்குடியில் ஒரு வீட்டு ஹெரால்டு, பெரியவர் மறைந்தபின் பல ஆண்டுகள் அசையாது நின்றது. பேத்தியின் திருமணத்தில் அது ஓட வேண்டுமென்று குடும்பத்தார் விரும்பினர். மாமாவுக்கு அப்போது செவி மங்கியிருந்தது. என்னை உடனழைத்துச் சென்றார். டாப் கியரில் மெதுவாகச் சென்று ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார்.

“சத்தம் கேக்குதா?”

“கூழாங்கல்லைக் குலுக்குற மாதிரி கேக்குது, மாமா.”

வண்டியை நிறுத்தி, மயிரிழை அளவு பிந்தத் திருப்பினார். மீண்டும் ஓட்டினோம். ஒலி அடங்கியது. நான் மகிழ்ந்தேன், அவரோ இறங்கிப் பிடிப்பை மறுபடியும் தளர்த்திக் கலைத்துவிட்டார்.

“அடுத்த தடவை நான் வர முடியாது. நீயே கண்டுபிடி.”

சாலையோரப் பட்டறையில் ஆத்தங்குடிக் கற்களைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பக்குவம் பார்த்துக் கண்ணாடியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கையிலும் கடிகாரமில்லை. நான்காம் முயற்சியில் எனக்கு அந்த இடம் வாய்த்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கருவிகளைத் துடைத்து என் பையில் வைத்தார்.

இன்றைய கார்களில் இவ்வேலையைக் கணினி செய்கிறது. அது வளர்ச்சியே, வருந்த வேண்டியதில்லை. ஆயினும் பட்டறையிலும் தறியிலும் வயலிலும் ஏட்டில் ஏறாத அறிவு இன்னும் மூத்தோர் கையில் இருக்கிறது. அதைப் பெறுவதற்கும் ஒரு காலம் உண்டு. அவர்கள் கை நடுங்கும் முன், அருகே சென்று அமர்வது இளையோர் கடன்.